புதிய தேர்ச்சித் தரநிலைகளைக் குழுவின் பணி ஆவணமாக மாற்றும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில், பிறப்பு முதல் 19 வயது வரையுள்ளோருக்கான சமூகச் சுகாதாரக் குழு ஒன்றில் ஹெல்த் விசிட்டராக, அதாவது சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்குச் சென்று அவர்களின் நலனைக் கவனிக்கும் செவிலியராக, பணியாற்றுகிறேன். செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் மன்றத்தின் (என்.எம்.சி.) பதிவேட்டில், சிறப்புச் சமூகப் பொதுச் சுகாதாரச் செவிலியருக்கான மூன்றாம் பகுதியில் என் பெயர் உள்ளது. நான் பயின்றது 2004ஆம் ஆண்டுத் தரநிலைகளின்படி. மன்றம் 2022 ஜூலையில் புதிய தரநிலைகளை வெளியிட்டு, 2024 செப்டம்பருக்குள் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அவற்றுக்கு மாறிவிட வேண்டும் என்று கெடு விதித்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, இனி எங்கள் குழுவில் சேரும் புதியவர்கள் ஒரு தரநிலையின்படியும், அவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய நாங்கள் வேறொரு தரநிலையின்படியும் பயின்றவர்களாக இருக்கிறோம்.

இந்த இடைவெளியை நிரப்ப, முதல் ஆண்டுப் பணியாளர்களுக்கான தேர்ச்சி ஆவணம் ஒன்றைத் தயாரிக்கும்படி எங்கள் மேலாளர் என்னையும் ஒரு பள்ளிச் செவிலியரையும் கேட்டுக்கொண்டார். நாங்கள் செய்த முதல் வேலை, இப்போது நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது: மன்றத்தின் தரநிலைகளை அப்படியே அட்டவணையில் ஒட்டி, எதிரே தேதியும் கையொப்பமும் இடுவதற்குக் கட்டங்கள் வரைந்தோம். இருபது பக்கங்களைத் தாண்டிவிட்டது. அதைப் பார்த்த சக பணியாளர் ஒருவர், "இதை நிரப்பி முடிப்பதற்குள் குழந்தைக்கு இரண்டரை வயதுப் பரிசோதனை வந்துவிடும்" என்றார்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. மன்றமே தரநிலை வகுத்துவிட்ட பிறகு, பணி வழங்கும் அமைப்பு தனக்கென ஒன்றை எழுதுவது தேவைதானா? இரண்டாவதாக, கொள்கைகளின் மீது செல்வாக்குச் செலுத்துதல், தலைமை ஏற்றல், ஏற்றத்தாழ்வுகளைக் களைதல் என்றெல்லாம் தரநிலைகள் பேசுகின்றன. நாள் முழுவதும் பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று திரும்பும் ஒருவர் இவற்றை எப்படி மெய்ப்பிப்பார்? மூன்றாவதாக, ஒரு ஹெல்த் விசிட்டரின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் இருக்கலாம் என்ற எண்ணிக்கையை இந்த ஆவணத்தில் எழுத வேண்டும் என்று குழுவில் பலர் வலியுறுத்துகிறார்கள். அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செந்தாமரை எழுதியது:

கயல், உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டும் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

எண்ணிக்கையை அந்த ஆவணத்தில் எழுதாதீர்கள். தேர்ச்சித் தரநிலை என்பது பதிவு பெற்ற ஒரு தனிமனிதரின் அறிவையும் திறனையும் பற்றியது. மன்றத்தின் அதிகாரம் தனிமனிதர் மீதும், அவரைப் பயிற்றுவிக்கும் கல்வி நிறுவனத்தின் பாடத்திட்டத்தின் மீதும் செல்லும். பணி வழங்குபவர் எத்தனை பேரை நியமிக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த எண்ணிக்கையைத் தேர்ச்சி ஆவணத்தில் எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணிக்கை மீறப்படும்போது, தேர்ச்சி ஆவணத்தில் கையொப்பமிட்ட செவிலியரே அதை நிறைவேற்றத் தவறியவராகக் காட்சியளிப்பார். அமைப்பின் குறை தனிமனிதரின் குறையாக இடம் மாறிவிடும். என் பணிக்காலத்தில் இப்படி ஒரு படிவத்தைப் பார்த்திருக்கிறேன். விடுப்பில் சென்ற இருவரின் குடும்பங்களையும் சேர்த்துச் சுமந்த ஒரு பெண்ணிடம், "உரிய காலத்தில் வீடு சென்று பார்த்தல்" என்ற வரிக்கு எதிரே "மேம்பாடு தேவை" என்று எழுதப்பட்டிருந்தது.

எண்ணிக்கை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. குழந்தைப் பாதுகாப்பை ஆராய்ந்த லார்ட் லாமிங் தம் 2009ஆம் ஆண்டு அறிக்கையில், ஒருவருடைய பொறுப்பில் 300 குடும்பங்களுக்கு அல்லது 400 குழந்தைகளுக்கு மேல் இருக்கலாகாது என்று கருத்துரைத்தார். எங்கள் தொழில்முறை அமைப்பான ஹெல்த் விசிட்டிங் நிறுவனம் சராசரியாக 250 குழந்தைகள் என்கிறது. ஆனால் இவை பரிந்துரைகள். இவற்றுக்கு உரிய இடம் சேவை ஒப்பந்தமும் இடர்ப் பதிவேடும்தான். இங்கிலாந்தில் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான பொதுச் சுகாதாரச் சேவையை ஒப்பந்தம் செய்யும் பொறுப்பு 2015 அக்டோபர் 1 முதல் உள்ளாட்சி மன்றங்களிடம் சென்றுவிட்டது. எண்ணிக்கை பற்றிய போராட்டத்தை நடத்த வேண்டிய மேசை அங்கே இருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. கொஞ்சம் பழங்கதை சொல்ல அனுமதியுங்கள். 1862இல் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதியில் பெண்களின் துப்புரவுச் சீர்திருத்தச் சங்கம் வீடு வீடாகச் சென்று பேசப் பெண்களை நியமித்ததிலிருந்து எங்கள் தொழிலின் கதையைச் சொல்வது வழக்கம். அப்போது தரநிலை என்று ஒன்றும் இல்லை. சட்டமும் பாடத்திட்டமும் பிற்பாடு வந்தன. 1977இல் ஹெல்த் விசிட்டர்களின் கல்விக்கும் பயிற்சிக்குமான அன்றைய மன்றம் நான்கு கோட்பாடுகளை வகுத்தது: சுகாதாரத் தேவைகளைத் தேடிக் கண்டறிதல், அத்தேவைகளைப் பற்றிய விழிப்பைத் தூண்டுதல், சுகாதாரத்தைப் பாதிக்கும் கொள்கைகளின் மீது செல்வாக்குச் செலுத்துதல், சுகாதாரத்தை வளர்க்கும் செயல்களுக்கு வழிசெய்தல். 2004ஆம் ஆண்டுத் தரநிலைகள் இந்த நான்கையும்தான் தம் அடித்தளமாகக் கொண்டன. ஆக, "கொள்கையின் மீது செல்வாக்கு" என்பதை 2022இல் யாரோ அலுவலகத்தில் அமர்ந்து புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. நோயாளி தேடி வரும்வரை காத்திராமல், தேவையைத் தேடிச் செல்வதே இத்தொழிலின் அடையாளம் என்ற எண்ணம் அதைவிடப் பழையது.

எனக்கொரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே செவிலியர், மருத்துவச்சியர், ஹெல்த் விசிட்டர்கள் என்று மூவரும் இருந்தோம். 2001ஆம் ஆண்டு ஆணையின் பெயரில் முதல் இருவர் மட்டுமே மிஞ்சினர். 2004இல் புதிய பதிவேடு திறக்கப்பட்டபோது, பள்ளிச் செவிலியர், தொழில்சார் சுகாதாரச் செவிலியர் ஆகியோருடன் நாங்களும் "சிறப்புச் சமூகப் பொதுச் சுகாதாரச் செவிலியர்" என்ற நீண்ட பெயருக்குள் சென்றோம். கதவைத் தட்டி நின்றுகொண்டு ஒரு தாயிடம் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை அழத் தொடங்கிவிடும்.

பணி வழங்குபவர் தனி ஆவணம் எழுதலாமா என்றால், எழுதலாம். ஆனால் மன்றத்தின் வாசகங்களை நகலெடுப்பதற்காக அல்ல. பதிவேட்டில் சேரும் நாளில் ஒருவரிடம் இருக்க வேண்டியதை மன்றம் சொல்லிவிட்டது, அதை ஒரு பல்கலைக்கழகம் சரிபார்த்தும்விட்டது. அதையே மறுபடியும் சோதிப்பது அவர் தேர்ச்சி பெற்றதை ஐயுறுவதாகும். உங்கள் ஆவணம் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பகுதியில், இந்தக் குடும்பங்களிடையே, அவர் தம் தேர்ச்சியைப் பயன்படுத்த எங்கள் அமைப்பு என்ன தரப்போகிறது?

இளவேனில் எழுதியது:

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்திட்டத்தைக் கற்பிப்பவர்களுள் ஒருவன். செந்தாமரை அம்மா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஓரிடத்தில் மட்டும் பின்னர் மாறுபடுவேன். முதலில் கயலின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாணவர்கள் ஆண்டுதோறும் எங்களிடம் கேட்பதும் அதையே.

புதிய தரநிலைகள் ஆறு செயற்களங்களாக அமைந்துள்ளன. சுருக்கமாகச் சொன்னால், தன்பொறுப்பில் பணியாற்றுதல். சான்றுகளையும் ஆய்வுகளையும் கொண்டு பணியை மாற்றியமைத்தல். மனித உரிமைகளைப் பேணி ஏற்றத்தாழ்வுகளை எதிர்கொள்ளுதல். வாழ்க்கைப் பருவங்கள் முழுவதிலும் மக்கள்தொகையின் சுகாதாரத்தை மேம்படுத்துதல். நலமான இடங்களுக்கும் சூழல்களுக்கும் உரிய சேவைகளையும் கொள்கைகளையும் முன்னெடுத்தல். தலைமை ஏற்றுப் பிறருடன் இணைந்து செயல்படுதல். இவை மூன்று துறையினருக்கும் பொதுவானவை. இவற்றுக்கு மேல் ஹெல்த் விசிட்டர், பள்ளிச் செவிலியர், தொழில்சார் சுகாதாரச் செவிலியர் என ஒவ்வொரு துறைக்கும் தனித் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டுள்ளன. 2004ஆம் ஆண்டுத் தரநிலைகளில் பொதுவான வாசகங்களையே ஒவ்வொரு துறையும் தனக்கேற்ப விளக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தத் துறையின் அடையாளமும் தெளிவாக இல்லை என்ற குறை நெடுநாள் இருந்து வந்தது. 2022இல் நிகழ்ந்த முதன்மையான மாற்றம் இதுதான் என்பது என் கருத்து.

உங்கள் அட்டவணை ஏன் பயன்படவில்லை என்பதற்குக் காரணம் வினைச்சொற்களில் இருக்கிறது. "எடையைச் சரியாக அளந்து வளர்ச்சி வரைபடத்தில் குறிப்பார்" என்பது ஒரு பணிச்செயல். ஒருமுறை பார்த்தால் கையொப்பம் இட்டுவிடலாம். "சான்றுகளை மதிப்பிட்டு முடிவெடுப்பார்" என்பது தேர்ச்சி. அது பல சூழல்களில், பல மாதங்களில், ஒருவருடைய பேச்சிலும் பதிவுகளிலும் முடிவுகளிலும் சிறிது சிறிதாகத் தென்படுவது. முன்னதற்குக் கட்டம் போதும். பின்னதற்கு உரையாடல்தான் வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்ததால் ஆவணம் நீண்டதேயொழிய ஆழம் பெறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ஹெல்த் விசிட்டர், பிறந்த குழந்தையைப் பார்க்கும் முதல் வருகைகளில் மூன்றை ஒரே தற்காலிகத் தங்கும் விடுதியில் மேற்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று அறைகளிலும் தொட்டில் வைக்க இடமில்லை, தாயும் குழந்தையும் ஒரே கட்டிலில் உறங்குகிறார்கள், சுவரில் ஈரப்பூஞ்சை. பாதுகாப்பான உறக்கத்தைப் பற்றி மூன்று தாய்மாரிடமும் அவர் நன்றாக எடுத்துரைத்துப் பதிவும் செய்துவிட்டார். இங்கே நின்றுவிட்டால் அது நல்ல தனிநபர்ப் பராமரிப்பு. ஆனால் அவர் அலுவலகம் திரும்பி, அதே முகவரியில் சக பணியாளர்களின் பொறுப்பில் உள்ள குடும்பங்களையும் கேட்டறிந்து, பெயர்களை நீக்கிய ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, உள்ளாட்சி மன்றத்தின் வீட்டுவசதிப் பிரிவுக்கும் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான செவிலியருக்கும் அனுப்பி, இரண்டு மாதம் கழித்து அங்கே மீண்டும் சென்று என்ன மாறியது என்று பார்த்தாரானால், அவர் மூன்று களங்களில் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறார். கொள்கையின் மீது செல்வாக்குச் செலுத்துதல் என்பது நாடாளுமன்றக் குழுவின் முன் பேசுவதாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுவசதிப் பிரிவிலிருந்து பதிலே வராவிட்டாலும் தேர்ச்சி தேர்ச்சிதான். அவர் அடுத்து யாரிடம் சென்றார் என்பதும் சான்றே.

ஆகவே எங்கள் மாணவர்களிடம், தரநிலைக்கு ஏற்ற நிகழ்வைத் தேடாதீர்கள், நடந்த நிகழ்வை முதலில் எழுதுங்கள், அது எந்தெந்தத் தரநிலைகளைத் தொடுகிறது என்று களப்பணி மதிப்பீட்டாளருடன் அமர்ந்து பிறகு பாருங்கள் என்கிறோம். நன்றாக எழுதிய நான்கைந்து நிகழ்வுகள் ஆறு களங்களையும் தொட்டுவிடும். உங்கள் புதியவர்களுக்கும் இதுவே பொருந்தும். இன்னொரு வசதியும் உண்டு. பதிவைத் தக்கவைக்க மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நாம் செய்யும் மறுசரிபார்ப்புக்கு 450 மணிநேரப் பணி, 35 மணிநேரத் தொடர்கல்வி ஆகியவற்றுடன் ஐந்து பின்னூட்டங்களும் ஐந்து சிந்தனைப் பதிவுகளும் வேண்டும் அல்லவா? முதல் ஆண்டில் எழுதியதை வைத்துக்கொண்டால் அங்கேயும் பயன்படும்.

மாறுபடும் இடத்துக்கு வருகிறேன். எண்ணிக்கைக்குத் தேர்ச்சி ஆவணத்தில் இடமில்லை என்பது சரி. ஆனால் பணிச்சுமையைப் பற்றி அந்த ஆவணம் வாய் திறக்கவே கூடாது என்று அதை யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. மன்றத்தின் நடத்தை நெறியில் பதினாறாம் பிரிவு, பாதுகாப்புக்கு இடர் இருப்பதாக நம்பினால் தாமதமின்றிச் செயல்பட வேண்டும் என்கிறது. பதின்மூன்றாம் பிரிவு, தம் தேர்ச்சியின் எல்லையை அறிந்து அதற்குள் பணியாற்றச் சொல்கிறது. தன்பொறுப்பில் பணியாற்றும் ஒரு சிறப்புச் செவிலியர், எந்த வருகையைத் தள்ளிவைக்கலாம், எதைத் தள்ளிவைத்தால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேரலாம் என்று தீர்மானித்து, அத்தீர்மானத்தை எழுத்தில் மேலே அனுப்பக் கற்றிருக்க வேண்டும். அதுவும் ஒரு தேர்ச்சி. "300 பேருக்கு மேல் ஏற்கமாட்டேன்" என்பது ஒரு சேவைக் கோரிக்கை. "இந்த வாரம் இந்த மூன்று குடும்பங்களைப் பார்க்க இயலவில்லை, அதனால் விளையக்கூடியது இது, இவரிடம் தெரிவித்திருக்கிறேன்" என்பது தொழில்முறைத் தீர்ப்பு. புதியவர்களுக்கு இதை எழுதக் கற்றுக்கொடுங்கள்.

மதியழகன் எழுதியது:

இழையைப் படித்தேன். வழக்கம்போல் எல்லாம் குழந்தைகளைப் பற்றியதாகவே இருக்கிறது. தொழில்சார் சுகாதாரச் செவிலியன் ஒருவனும் இந்தப் பதிவேட்டின் மூன்றாம் பகுதியில் இருக்கிறான் என்பதை நினைவூட்ட வந்தேன். கோபமில்லை, பழகிவிட்டது. 1878இல் நாரிச் நகரின் கோல்மன் தொழிற்சாலையில் பிலிப்பா பிளவர்டே நியமிக்கப்பட்டதிலிருந்தே எங்கள் வேலை ஒரு முதலாளியின் ஊதியப் பட்டியலில் இருந்தபடி தொழிலாளியின் நலனைக் காப்பதாக இருந்து வருகிறது.

கயலின் ஆவணம் எங்களுக்கானது அன்று, ஆயினும் ஒரு செய்தி அதற்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். பொதுத் தரநிலை ஒன்றாக இருக்கலாம், ஆனால் அது நிறைவேறும் விதம் துறைக்குத் துறை அடியோடு வேறுபடும். "தகவல்களைப் பகிர்ந்து பிறருடன் இணைந்து செயல்படுதல்" என்ற கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பாதுகாப்பில் பணிபுரியும் உங்களுக்கு, பகிராமல் விட்ட தகவலே பெரும் அச்சம். ஒரு குழந்தையின் இறப்பை ஆராயும் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டும் குறை அது. எனக்கோ பகிர்ந்துவிட்ட தகவலே அச்சம். அதிர்வுக் கருவிகளால் கைவிரல் வெளிறிப்போன ஒரு தொழிலாளியை நான் பரிசோதிக்கிறேன். 2005ஆம் ஆண்டு அதிர்வுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அவர் அந்தக் கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தத் தகுதியானவரா என்பதை நான் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் என்னிடம் சொன்ன மற்ற நோய்களையும், அவர் உட்கொள்ளும் மாத்திரைகளையும், வீட்டுச் சூழலையும் சொல்லக் கூடாது. மேலாளர் நடைவழியில் நிறுத்தி, "அவருக்கு உண்மையில் என்னதான் பிரச்சினை?" என்று நட்பாகக் கேட்பார். அந்த ஒரு நிமிடத்தில் நான் என்ன பதில் சொல்கிறேன் என்பதில்தான் என் தேர்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை எந்தக் கட்டத்தில் குறிப்பீர்கள்?

ஆகவே உங்கள் குழுவில் ஹெல்த் விசிட்டரும் பள்ளிச் செவிலியரும் சேர்ந்திருந்தால், இருவருக்கும் ஒரே சான்றுப் பட்டியலைத் தயாரிக்காதீர்கள். தரநிலை ஒன்று, சான்றுகள் வெவ்வேறு.

இளவேனில் ஐயா பணிச்சுமையை எழுத்தில் மேலே அனுப்புவது பற்றிச் சொன்னார். சரிதான், ஆனால் அது யாருடைய மேசையில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் துறையில் பலர் நிறுவனம் ஒன்றில் தனியொரு செவிலியராக இருக்கிறார்கள். மேலே இருப்பவர் மனிதவள மேலாளர், செவிலியர் அல்லர். அப்படிப்பட்டவருக்குத் தொழில்முறை மேற்பார்வை வெளியிலிருந்து கிடைக்க வழிசெய்யாமல், "எழுதி அனுப்புக" என்று மட்டும் சொல்வது அவரைத் தனியே நிறுத்துவதாகும்.

யாழினி எழுதியது:

நான் பள்ளிச் செவிலியர். சுருக்கமாக இரண்டு செய்திகள்.

"பள்ளிச் செவிலியர்" என்ற பெயரில் பணிபுரிபவர்கள் அனைவரும் மூன்றாம் பகுதியில் பதிவு பெற்றவர்கள் அல்லர். அந்தச் சிறப்புத் தகுதி இல்லாத பொதுச் செவிலியர்களும், ஹெல்த் விசிட்டர் குழுக்களில் குழந்தை வளர்ப்புப் பணியாளர்களும் நம்முடன் இருக்கிறார்கள். ஓராண்டு, இரண்டரை ஆண்டுப் பரிசோதனைகளில் பலவற்றை அவர்களே செய்கிறார்கள். சிறப்புச் செவிலியருக்கான தரநிலையைக் கொண்டு அவர்களை அளப்பது அவர்களுக்கு நியாயமன்று. மேலும், பொறுப்பை மட்டும் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஊதியத்தை ஒப்படைக்காத ஒரு வழக்கத்துக்கும் அது வாசல் திறந்துவிடும். நடத்தை நெறியின் பதினொன்றாம் பிரிவு, ஒரு பணியைப் பிறரிடம் ஒப்படைக்கும் தீர்மானத்துக்கு ஒப்படைப்பவரே பொறுப்பு என்கிறது. ஆகவே உங்கள் ஆவணத்தில் "ஒப்படைத்தல்" என்று ஒரு பகுதியைச் சேருங்கள்: எந்தக் குடும்பத்தின் பரிசோதனையை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது, ஒப்படைத்தபின் எப்படித் தொடர்ந்து கவனிப்பது என்பதைப் புதியவர் விளக்கட்டும். என் பார்வையில், முதல் ஆண்டில் அவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பாடம் முடித்து வந்த மூன்றாம் வாரமே, தம்மைவிட இருபது ஆண்டு மூத்த பணியாளருக்கு அவர்கள் வேலை பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, குழந்தைகளின் குரல். தரநிலைகளை உருவாக்கும்போது பணியாளர்களைக் கேட்கிறோம், பெற்றோரையும் சில வேளைகளில் கேட்கிறோம். எங்களிடம் வரும் பதினான்கு வயதுப் பெண்ணை யார் கேட்கிறார்கள்? 1985ஆம் ஆண்டு கில்லிக் தீர்ப்புக்குப் பிறகு, போதிய புரிதல் உள்ள பதினாறு வயதுக்குட்பட்ட ஒருவர் தம் சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் தரலாம் என்பது இங்கிலாந்தில் நிலைபெற்றுவிட்டது. அந்தப் புரிதலை மதிப்பிடுவது எங்கள் அன்றாட வேலை. "நர்ஸ் என் அம்மாவிடம் சொல்லிவிடுவார்களோ" என்று கதவருகே நின்று தயங்கும் பிள்ளை, நான் பேசத் தொடங்கிய முதல் இரண்டு வாக்கியங்களில் தன் முடிவை எடுத்துவிடுகிறது. தகவல் காப்பின் எல்லையை அந்த இரண்டு வாக்கியங்களில் பொய்யில்லாமலும் அச்சுறுத்தாமலும் எப்படிச் சொல்வது என்பதை எங்கள் குழுவில் மாணவர்களிடமே கேட்டு எழுதினோம். நாங்கள் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு, "இது போலீஸ்காரர் பேசுவதைப் போல் இருக்கிறது" என்றார்கள்.

செந்தாமரை எழுதியது:

இளவேனில் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். நான் சற்று அழுத்திச் சொல்லிவிட்டேன்.

யாழினியின் முதல் செய்தியோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2004ஆம் ஆண்டுத் தரநிலைகளின்படி பயிற்சியின் இறுதியில் குறைந்தது பத்து வாரங்கள், கற்றதை நிலைப்படுத்தும் களப்பணி இருந்தது. மாணவர் ஒரு சிறிய பகுதியின் குடும்பங்களைத் தாமே பொறுப்பேற்றுப் பார்ப்பார். பயிற்சி பெற்ற களப்பணி ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். 2018ஆம் ஆண்டுக் கல்வித் தரநிலைகளுக்குப் பிறகு அந்த ஆசிரியர் பொறுப்பு போய், மேற்பார்வையிடுபவர் ஒருவர், மதிப்பிடுபவர் ஒருவர் என்று பிரிந்தது. கற்பித்தவரே தேர்ச்சியும் அளிப்பதில் உள்ள சார்பு நீங்கியது என்பது இதன் நன்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய வளர்ச்சியை ஓராண்டு முழுவதும் ஒரே கண்ணால் பார்த்தவர் இப்போது இல்லை. அந்தக் கண்ணை முதல் பணியாண்டில் திரும்பக் கொடுங்கள். பெயர் என்னவாக இருந்தாலும் சரி, ஓராண்டுக்கு ஒரே ஆள்.

கயல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இந்த வாரம் பள்ளிச் செவிலியத் தோழியுடன் மறுபடியும் அமர்ந்தேன். அட்டவணையைக் கைவிட்டோம். குளிர்சாதனப் பெட்டியில் தடுப்பூசி வைப்பது, எடை அளப்பது, மின்பதிவில் குறிப்பது போன்ற செயல்களுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டோம். மீதி இடத்தில், ஆண்டுக்கு ஐந்து நிகழ்வுகளை எழுதி, ஒரே வழிகாட்டியுடன் மாதம் ஒருமுறை பேசுவதற்கான குறிப்புகள். ஒப்படைத்தலுக்குத் தனிப்பகுதி உண்டு. ஹெல்த் விசிட்டருக்கும் பள்ளிச் செவிலியருக்கும் சான்றுகளின் எடுத்துக்காட்டுகளைத் தனித்தனியே எழுதுகிறோம்.

பணிச்சுமைக்காக, "இந்த வாரம் செய்ய இயலாதவை" என்ற தலைப்பில் அரைப்பக்கப் படிவம் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். மேலாளரிடம் காட்டியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, படிவம் தம்மிடம் வந்தால் ஐந்து வேலை நாள்களுக்குள் எழுத்தில் பதில் தருவதாக ஒரு வரியைத் தாமே சேர்க்கச் சொன்னார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரே ஓர் ஐயம் மீதம் இருக்கிறது. என்னைப் போல் 2004ஆம் ஆண்டுத் தரநிலைகளின்படி பயின்று வழிகாட்டியாக அமர்பவர்கள், புதிய தரநிலைகளுக்காக மறுபடியும் ஏதேனும் தேர்வோ பயிற்சியோ மேற்கொள்ள வேண்டுமா?

இளவேனில் எழுதியது:

வேண்டியதில்லை. தரநிலை மாறியதால் ஏற்கெனவே பதிவு பெற்றவரின் பதிவு மாறுவதில்லை. வழக்கமான மறுசரிபார்ப்பே போதும். ஆயினும் வழிகாட்டியாக அமரும் முன், உங்கள் துறைக்குரிய தனித் தேர்ச்சிகளின் பக்கங்களை மட்டுமாவது ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். நீங்கள் நாள்தோறும் செய்வதில் பெரும்பகுதி அங்கே எழுதப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள், எஞ்சிய சில இடங்களை உங்கள் முதல் மாணவரோடு சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். "செய்ய இயலாதவை" படிவத்தின் நகலை, குடும்பங்களின் விவரம் ஏதுமில்லாமல், இங்கே பகிர முடிந்தால் எங்கள் மாணவர்களுக்கும் காட்ட விரும்புகிறேன்.